வயசை விடுங்க சார், ஸ்கோர் எங்க?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரோட கடைசிப் பக்கத்துல ஒரு சின்ன பெட்டிச்செய்தி பாத்தேன். அமெரிக்காவுல ஏதோ ஒரு யுனிவர்சிட்டி கோல்ஃப் மைதானத்துல சீனியர் அமெச்சூர் போட்டி (வயசானவங்க பணத்துக்கு இல்லாம ஆடறது) நடந்துச்சாம், "தள்ளாத வயதிலும் தளராத உற்சாகம்"னு தலைப்பு, தொப்பி போட்ட ஒருத்தர் பல்லு தெரிய சிரிக்கிற போட்டோ, கீழ ஆறு வரி. ஆறு வரியையும் ரெண்டு தடவை படிச்சேன். யாரு ஜெயிச்சா, என்ன ஸ்கோர், எந்த மைதானம், ரெண்டாவது வந்தவருக்கும் இவருக்கும் எத்தனை வித்தியாசம், ஒண்ணும் இல்ல. பேரப்பிள்ளைங்க எத்தனைன்னு மட்டும் இருந்துச்சு.

நான் இதை எழுதுறது ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ்ல இருந்து. மக வீட்டுக்கு ஆறு மாசத்துக்கு வந்திருக்கேன், சொந்த ஊரு திருச்சி, ஈ.பி.ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். கோல்ஃப் மட்டையை இதுவரைக்கும் கையில தொட்டது கிடையாது. ஆனா இங்க வந்த புதுசுல மத்தியானம் டைம் போகாம மாப்பிள்ளை ஒரு நாள் ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி கோல்ஃப் மைதானத்துல கொண்டுபோய் விட்டார், கேம்பஸ்ல இருந்து கொஞ்ச தூரம் தள்ளி அப்பர் ஆர்லிங்டன்கிற ஊர்ல இருக்கு. அன்னைக்கு அங்க உள்ளூர் சீனியர்களுக்கு ஒரு போட்டி. டிக்கெட் எல்லாம் இல்ல, யாரும் கேக்கவும் இல்ல, வேடிக்கை பாக்க வந்தவங்க மொத்தமே ஒரு இருவது பேர் இருப்போம், அதுல பாதி ஆடுறவங்களோட வீட்டம்மா.

அந்த இடம் சாதாரண இடம் இல்லைங்க. ரெண்டு மைதானம் இருக்கு, ஒண்ணுக்கு ஸ்கார்லெட், இன்னொண்ணுக்கு "கிரே"ன்னு யுனிவர்சிட்டியோட கலர் பேரையே வச்சிருக்காங்க. ஸ்கார்லெட்டை வரைஞ்சு குடுத்தவர் அலிஸ்டர் மெக்கென்சி, படிச்சது டாக்டருக்கு, ஆனா பேர் வாங்கினது மைதானம் போடறதுல, மாஸ்டர்ஸ்ங்கற பெரிய போட்டி நடக்கற அகஸ்டா நேஷனல் மைதானத்தை பாபி ஜோன்ஸ்ங்கற ஆட்டக்காரரோட சேந்து போட்டதும் இவர்தான். 1934-லயே செத்துப் போயிட்டார், மைதானம் தொறந்தது 1938-ல, அவர் அதைப் பாக்கவே இல்ல. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லாஸ் வளந்தது இதே ஊர்ல, படிச்சது இதே யுனிவர்சிட்டியில, 1959-லயும் 1961-லயும் யு.எஸ். அமெச்சூர் ஜெயிச்சவர், பின்னாடி 2006 வாக்குல இந்த மைதானத்தை புதுப்பிச்சுக் குடுத்ததும் அவர்தான். 1995-ல காலேஜ் டீம்களுக்கான தேசியப் போட்டி இங்கதான் நடந்துச்சு, டைகர் உட்ஸ் அப்போ ஸ்டான்ஃபோர்டுல முதல் வருஷ பையன், அவரோட டீம் ஸ்கோர் சமமாகி, பிளேஆஃப்ல (முடிவுக்காக மறுபடி ஆடறது) ஒக்லஹோமா ஸ்டேட் கிட்ட தோத்துச்சு. அப்பேர்ப்பட்ட இடத்துல இந்த பெரியவங்க ஆடுறாங்க, அதே ஆழமான மணல் குழி, அதே கிரீன் (ஹோல் இருக்கிற வழவழ புல்தரை), முதல் அடி அடிக்கிற "டீ" மட்டும் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க.

அங்க என்னை நிக்க வச்சது ஸ்கோர் போர்டுதான். எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கிற காலத்துல பெரிய வெள்ளை பேப்பர்ல வரிசையா பேர் எழுதி, ஒவ்வொரு கார்டு வர வர ஒரு அம்மா கலர் பேனாவால முத்து முத்தா நம்பர் போட்டுக்கிட்டே வந்தாங்க. ஆடி முடிச்சவங்க வேர்வையை தொடைச்சுக்கிட்டே நேரா அந்த போர்டு முன்னாடிதான் வந்து நிக்கிறாங்க. தண்ணி குடிக்கறது கூட அப்புறம்தான். ஒருத்தர் மேல இருந்து கீழ வரைக்கும் விரல் வச்சு எண்ணி, தன் பேர் எங்க இருக்குன்னு பாத்துட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், எனக்கு அது புரிஞ்சுது.

ஏன் சொல்றேன்னா கோல்ஃப்ல எத்தனை அடியில (ஸ்ட்ரோக்) முடிச்சீங்கங்கறதுதான் ஸ்கோர், கம்மியா அடிச்சவர்தான் ஜெயிப்பார், அந்த ஸ்கோர்ங்கறது பக்கத்து வீட்டுக்காரன் பாத்து சொல்ற விஷயம் இல்ல. உங்க கூட ஆடுறவர் உங்க கார்டுல எழுதுவார், முடிஞ்சதும் ஒவ்வொரு ஹோலா நீங்க சரிபாத்து கையெழுத்து போடணும், அம்புட்டுதான், போட்டு கார்டை குடுத்ததுக்கு அப்புறம் மாத்த முடியாது. கொறைச்சு எழுதியிருந்தா போட்டிய விட்டே வெளிய, கூட எழுதியிருந்தா அந்த கூடதான் உங்க ஸ்கோர். அர்ஜென்டினாக்காரர் ராபர்ட்டோ டி விசென்ஸோ கதை தெரியுமா உங்களுக்கு? 1968 மாஸ்டர்ஸ் கடைசி நாள், அன்னைக்கு அவருக்கு 45-வது பொறந்தநாள் வேற, 17-வது ஹோல்ல 3 அடிச்சார், கூட ஆடினவர் கை தவறி 4-ன்னு எழுதிட்டார், இவரும் கவனிக்காம கையெழுத்து போட்டுட்டார். 65 அடிச்ச மனுஷனுக்கு 66-னு ஆகி, ஒரே ஒரு ஸ்ட்ரோக்குல பிளேஆஃப் போச்சு, பாப் கோல்பி ஜெயிச்சார். அதே டி விசென்ஸோதான் 12 வருஷம் கழிச்சு 1980-ல, முதல் முதலா நடந்த யு.எஸ். சீனியர் ஓப்பனை ஜெயிச்சவர், வயசு 57. அந்த ஜெயிப்பை "தள்ளாத வயதிலும்"னு எழுதினா எப்படி இருக்கும்?

அவர் தொழில்முறை ஆட்டக்காரர், அது வேற. அமெச்சூர்லயும் சும்மா இல்ல. யு.எஸ். சீனியர் அமெச்சூர் 1955-ல இருந்து நடக்குது, 55 வயசு ஆயிருக்கணும், பணம் கிடையாது. முதல்ல 36 ஹோல் ஆடி 64 பேருக்குள்ள வரணும், அப்புறம் ஒத்தைக்கு ஒத்தை, தோத்தா வீட்டுக்கு, கோப்பையைத் தொட வரிசையா ஆறு பேரை ஜெயிக்கணும். லூயிஸ் ஓமிக்னு ஒருத்தர் இதை மூணு தடவை ஜெயிச்சிருக்கார், மூணாவது தடவை 1985-ல 69 வயசுல. பால் சிம்சன் 2010-ல ஒரே வருஷத்துல அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூணு நாட்டு சீனியர் அமெச்சூரையும் அடிச்சார். இதெல்லாம் உடம்புக்கு நல்லதுன்னு காலார நடக்கற கேஸா சார்? இதுக்குப் பேரு விளையாட்டு, இதுக்கு எடம் விளையாட்டுப் பக்கம்.

என் கோவத்துக்கு சொந்தக் காரணமும் இருக்கு, மறைக்கல. நாலு வருஷம் முன்னாடி நான் மூத்தோர் தடகளத்துல 5000 மீட்டர் ஓடினேன். மறுநாள் ஒரு பேப்பர்ல (உங்களோடது இல்ல) என் போட்டோ வந்துச்சு, "இந்த வயதிலும் அசத்தல்"னு. ஆறு பேர்ல அஞ்சாவதா வந்தேன், என்னத்தை அசத்தினேன்? என் டைம் 31 நிமிஷம் 12 செகண்ட், அதுக்கு முந்தின தடவை 32-க்கு மேல, அந்த ஒரு நிமிஷத்துக்காக எட்டு மாசம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன், அது மட்டும் எங்கயும் வரல. வீட்ல ஃப்ரேம் போடலாம்னாங்க, நான் வேண்டாம்னுட்டேன்.

ஸ்கூல் பசங்க மாவட்டப் போட்டின்னா மூணாவது வந்தவன் செகண்ட் வரைக்கும் போடறீங்க, பெரியவங்கன்னா மட்டும் உற்சாகம், புன்னகை, பேரன் பேத்தி. எடம் இல்லைன்னு சொல்லாதீங்க, அந்த "தள்ளாத"வை எடுத்துட்டா ஒரு ஸ்கோருக்கு எடம் தாராளமா வரும்.

கொலம்பஸ்ல அன்னைக்கு நான் பின்னாடியே நடந்த ஒருத்தரைப் பத்தி சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஆளு ஒல்லி, டிரைவ் (முதல் பெரிய அடி) தூரம் போகாது, ஆனா 13 ஹோல் வரைக்கும் ஒரு தடவை கூட ஃபேர்வேயை (நடுவுல புல் வெட்டின பாதை) விட்டு விலகல, மத்தவங்க ரெண்டு அடியில கிரீனுக்கு வந்தா இவர் மூணுல வந்து ஒரே "பட்"ல (கிரீன்ல உருட்டி விடற அடி) ஹோல்ல போட்டுருவார். 14-வது ஹோல்ல பந்து முதல் தடவையா நீளப் புல்லுல போயிருச்சு. மட்டையை பின்னாடி வச்சார், பந்து இத்துனூண்டு நகந்துச்சு போல. ரெண்டு கஜத்துல நின்ன எனக்கே தெரியல, கூட ஆடினவரு அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தார். இவரே கையைத் தூக்கி கூப்பிட்டு, பந்தை இருந்த எடத்துல திரும்ப வச்சு, ஒரு ஸ்ட்ரோக் சேத்துக்கச் சொன்னார். வயசு என்னன்னு நான் கேக்கல. போர்டுல அந்த அம்மா எழுதினதை மட்டும் குறிச்சு வச்சிருக்கேன், முடிஞ்சா போட்டுக்கோங்க: முதல் ஒன்பது ஹோல் 38, அடுத்த ஒன்பது 41, மொத்தம் 79. அந்த 41-ல ஒண்ணு அவரே போட்டுக்கிட்டது.

இப்படிக்கு,
உங்கள் பல வருஷ வாசகன்,
திருச்சி (இப்போதைக்கு கொலம்பஸ், ஒஹாயோ)