உலக சாம்பியன் க்விஸ்ல சரியான பதிலுக்கே தப்பு போடுறீங்க, நாலாவது தடவையா எழுதுறேன்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு (தயவு செஞ்சு ஒரு மனுஷன் படிங்க)

பொருள்: உங்க க்விஸ் ஆப்ல "உலக சாம்பியன்கள்" பேக்ல இருக்குற தப்பான பதில்கள், என்னோட 143 நாள் ஸ்ட்ரீக் போனது, மீதி சந்தா பணத்தை திருப்பி கேக்குறது

வணக்கம் சார் / மேடம்,

இதுக்கு முன்னாடி மூணு மெயில் அனுப்பியாச்சு. மூணுக்கும் ஒரே பதில்தான் வந்துச்சு, உங்கள் மேலான கருத்துக்கு நன்றி, எங்கள் கேள்விகள் அனைத்தும் நிபுணர் குழுவால் சரிபார்க்கப்பட்டவைன்னு. ஒரு எழுத்து கூட மாறல. அதனால இந்த தடவை கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க, நான் ஒரு வருஷத்துக்கு மொத்தமா பணம் கட்டினவன், ஃப்ரீ வெர்ஷன்ல விளையாடிட்டு குறை சொல்ற ஆள் இல்ல.

நானும் என் பொண்ணும் தினமும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி பத்து கேள்வி விளையாடுவோம். அவ அஞ்சு, நான் அஞ்சு. பத்தும் சரியா இருந்தாதான் உங்க ஆப்ல ஸ்ட்ரீக் நிக்கும், அப்படி 143 நாள் தாக்குப்பிடிச்சோம். 144-வது நாள் வந்த கேள்வி: "1993-ல் உலக செஸ் சாம்பியன் யார்?" ஆப்ஷன் நாலு, கார்போவ், காஸ்பரோவ், ஷார்ட், டிம்மன். நான் காஸ்பரோவ் அழுத்தினேன். சிவப்பு கலர்ல தப்புன்னு வந்து, சரியான விடை கார்போவ்னு காட்டி, ஸ்ட்ரீக் பூஜ்யம் ஆயிடுச்சு.

அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு உங்க நிபுணர் குழுவுக்கு நிச்சயம் தெரியும், ஏன்னா ஆப்ஷன்ல போட்டிருக்குற நாலு பேருமே அந்த வருஷம் பட்டத்துக்கு விளையாடினவங்க! காஸ்பரோவும் ஷார்ட்டும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேவை விட்டு வெளிய வந்து லண்டன்ல தனியா மேட்ச் ஆடினாங்க, காஸ்பரோவ் ஜெயிச்சார். ஃபிடே காஸ்பரோவோட பட்டத்தை பறிச்சுட்டு கார்போவையும் டிம்மனையும் ஆட வெச்சது, அதுல கார்போவ் ஜெயிச்சார். ஆக 1993 முடியும்போது உலகத்துல ரெண்டு செஸ் சாம்பியன். 2006-ல கிராம்னிக் டோபலோவை ஜெயிச்சு ரெண்டு பட்டத்தையும் ஒண்ணாக்குற வரைக்கும் இந்த கூத்து பதிமூணு வருஷம் ஓடுச்சு. "ஃபிடே உலக சாம்பியன் யார்"ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்து கேட்டிருந்தா நானே கார்போவைத்தான் அழுத்தியிருப்பேன்.

சரி போகட்டும், நீங்க ஃபிடே கணக்குதான் எடுப்பீங்க போலன்னு மனசை தேத்திக்கிட்டேன். ஒன்பது நாள் கழிச்சு அதே பேக்ல வேற கேள்வி வருது, "1985 முதல் 2000 வரை இடைவிடாமல் உலக செஸ் சாம்பியனாக இருந்தவர் யார்?" விடை காஸ்பரோவ்னு போட்டிருக்கீங்க. அப்போ 1993-ல மட்டும் அவர் எங்க சார் போயிருந்தார்?

இதோட நின்னுச்சா, இல்ல. அடுத்த வாரம் பொண்ணோட முறைல, "மிக இளம் வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனவர் யார்?" இது டைப் பண்ற கேள்வி. அவ குகேஷ்னு டைப் பண்ணா. தப்பாம்! சரியான விடை காஸ்பரோவ், 22 வயசு. குகேஷ் 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரெனை ஜெயிச்சப்போ அவருக்கு 18 வயசு. உங்க ஆப்ல டெய்லி அப்டேட்னு பேனர் ஓடுது, எதை அப்டேட் பண்றீங்கன்னுதான் புரியல. இன்னொரு விஷயமும் சொல்றேன், நீங்க 1993-ல ஃபிடே கணக்கு எடுத்தீங்கல்ல, அதே கணக்குல பாத்தா பொனொமரியோவ் 2002 ஜனவரியில ஃபிடே பட்டம் ஜெயிச்சப்போ அவருக்கும் 18 வயசுதான், குகேஷை விட சில மாசம் சின்னவர். ஆக பிளவு காலத்து ஃபிடே பட்டத்தை ஒத்துக்கிட்டா பொனொமரியோவ், ஒத்துக்கலன்னா குகேஷ். நீங்க எப்படி கணக்கு போட்டாலும் காஸ்பரோவ் வரவே மாட்டார்.

டைப் பண்ற கேள்வின்னதும் ஞாபகம் வருது. செஸ் சாம்பியன் பேரு கார்ல்சன், கார்ல்ஸன், கார்ல்சென் இதுல எதை அடிக்கணும்? நாங்க மூணையும் வேற வேற நாள் அடிச்சு பாத்துட்டோம், ஒண்ணை மட்டும் ஏத்துக்குது, மத்த ரெண்டுக்கும் தப்பு. ஃபிஷரை ஃபிஷர்னும் எழுதுவாங்க பிஷர்னும் எழுதுவாங்க. வெளிநாட்டு பேரை தமிழ்ல எழுத ஒரே ஸ்பெல்லிங்தான்னு யாரும் சட்டம் போடல. இது பதில் தெரியுமான்னு பாக்குற ஆட்டமா இல்ல நீங்க மனசுல நினைச்ச எழுத்தை கண்டுபிடிக்கிற ஆட்டமா?

மொழிபெயர்ப்பு பத்தி சொல்லியே ஆகணும். விளக்கம்னு கீழ ரெண்டு வரி வருதுல்ல, அதை மெஷின்ல போட்டு அப்படியே எடுத்து ஒட்டியிருக்கீங்கன்னு சின்ன குழந்தைக்கும் தெரியும். "1954-ல் போட்விண்ணிக்கும் ஸ்மிஸ்லோவும் 12-12 என்று வரைந்தனர், எனவே போட்விண்ணிக் தலைப்பைத் தக்கவைத்தார்." என்னத்த சார் வரைஞ்சாங்க, கோலமா? டிரா ஆச்சுன்னு எழுதுங்க, இல்லன்னா சமன்ல முடிஞ்சதுன்னு எழுதுங்க. முகமது அலி மூணு தடவை "தலைப்பை வென்றார்"னு வருது. 1964-ல லிஸ்டனை, 1974-ல ஃபோர்மேனை, 1978-ல ஸ்பிங்ஸை அடிச்சு அவர் ஜெயிச்சது பட்டம் சார், தலைப்பு கட்டுரைக்கு வைக்கிறது. பி.வி. சிந்து 2019-ல பாசெல்ல ஒகுஹாராவை 21-7, 21-7ன்னு தூக்கிப்போட்டு ஜெயிச்ச ஃபைனல் பத்தின விளக்கத்துல சிந்துவை "விதை"ன்னு போட்டிருக்கு, தரவரிசையை சொல்ற சீடுங்குற இங்கிலீஷ் வார்த்தையை அப்படியே மாத்தியிருக்கீங்க. என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல, நான் பணம் கட்டியிருக்கேன்.

பாட்மிண்டன்ல இன்னொண்ணு. "1980 பாட்மிண்டன் உலக சாம்பியன்" யாருன்னு கேட்டு பிரகாஷ் படுகோனேன்னு விடை. அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனா அந்த வருஷம் அவர் ஜெயிச்சது ஆல் இங்கிலாந்துங்குற வேற போட்டி. அதிகாரப்பூர்வ உலக சாம்பியன்ஷிப் 1977-ல ஆரம்பிச்சாச்சு, அதுக்கு முன்னாடி வேணா ஆல் இங்கிலாந்து ஜெயிச்சவரை உலக சாம்பியன் மாதிரியே பாத்தாங்க. 1980-ல ஜகார்த்தால உலக பட்டம் ஜெயிச்சது ரூடி ஹார்டோனோ. சுவாரஸ்யம் என்னன்னா ரெண்டு ஃபைனல்லயும் தோத்தது ஒரே ஆள், லியம் ஸ்வீ கிங். இந்த மாதிரி விஷயத்தை விளக்கத்துல போட்டா விளையாடுறவனுக்கு நாலு விஷயம் தெரியும். அதே பேக்ல சிந்துவை பாட்மிண்டன்ல இந்தியாவோட முதல் உலக சாம்பியன்னு சரியா போட்டிருக்கீங்க, அப்போ படுகோனே எப்படி 1980-லயே ஆனார்? ஒரு கேள்வி எழுதினவர் இன்னொரு கேள்வியை திறந்தே பாக்கல போல.

ஓட்டப்பந்தயத்துல 2009, 2011, 2013 மூணுலயும் நூறு மீட்டர் உலக சாம்பியன் போல்ட்டுன்னு இருக்கு. 2011-ல தென் கொரியாவோட டேகுல அவர் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி வெளிய போனதை லைவ்ல பாத்தவன் நான், ஜெர்சியை கழட்டிட்டு நடந்து போனார் மனுஷன். ஜெயிச்சது யோஹன் பிளேக். 1950 ஃபுட்பால் வேர்ல்ட் கப்ல "இறுதிப் போட்டி நடக்கவில்லை, சரியா தவறா"ன்னு கேட்டு, சரின்னு அழுத்தினா தப்புங்குறீங்க. அந்த வருஷம் உருகுவே, பிரேசில், ஸ்வீடன், ஸ்பெயின் நாலு டீமுக்கும் கடைசி சுற்று லீக்தான், கடைசி நாள் மேட்ச் டிரா ஆயிருந்தாலே பிரேசிலுக்கு கப்பு, அதுலதான் உருகுவே 2-1ன்னு ஜெயிச்சு மரக்கானா ஸ்டேடியத்தையே வாயடைக்க வெச்சது. ஃபைனல்னு ஒண்ணு இருந்திருந்தா டிரா ஆனா எப்படி சார் கப்பு குடுப்பாங்க?

இதெல்லாம் கூட கவனக்குறைவுன்னு விட்டுடலாம். என் பொண்ணு அழுத கேள்வி வேற. "முதல் கிரிக்கெட் உலகக் கோப்பை எந்த ஆண்டு, வென்றது யார்?" அவ எங்கயோ படிச்சு ஞாபகம் வெச்சிருந்தா, 1973, இங்கிலாந்துன்னு அடிச்சா. தப்பு, 1975 வெஸ்ட் இண்டீஸ். 1973-ல நடந்தது பெண்கள் உலகக் கோப்பை, ஆண்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே. கேள்வில "ஆண்கள்"னு ஒரு வார்த்தை இல்ல. அப்பா, அப்போ பொண்ணுங்க ஆடினது கிரிக்கெட் இல்லையான்னு கேட்டா, நான் என்ன சொல்றது? அதுக்கப்புறம் உக்காந்து எண்ணி பாத்தேன், செஸ்ல மட்டும் எங்களுக்கு இதுவரைக்கும் அறுபதுக்கு மேல கேள்வி வந்திருக்கு, அதுல ஒரு பெண் சாம்பியன் பேரு கூட இல்ல. வேரா மென்சிக் 1927-ல முதல் பெண்கள் உலக சாம்பியன் ஆகி 1944-ல லண்டன்ல குண்டு விழுந்து சாகுற வரைக்கும் பட்டத்தை விடவே இல்ல, 17 வருஷம். லாஸ்கர் 27 வருஷம் சாம்பியனா இருந்ததை நாலு விதமா மாத்தி மாத்தி கேக்குறீங்க, இவங்களுக்கு ஒரு கேள்வி ஒதுக்க முடியலையா? கேரம்னு ஒரு ஆட்டம் இருக்குறதே உங்க லிஸ்ட்டுக்கு தெரியல, மரியா இருதயம் ரெண்டு தடவை உலக சாம்பியன், தமிழ்ல ஆப் விக்கிறீங்க, அவரை விட்டுட்டீங்க.

கடைசியா ஒண்ணு, இதுக்குதான் எனக்கு நிஜமாவே கோவம். ஃபார்முலா ஒன் 1970 சாம்பியன் யோகன் ரிண்ட். விடை சரி. கீழ விளக்கம்: "சீசன் முடிவில் கோப்பையை உயர்த்திப் பிடித்து ரசிகர்களுடன் கொண்டாடினார்." கூடவே ஒரு கார்ட்டூன் படம், சிரிச்சுக்கிட்டே கப்பு தூக்குற மாதிரி. அவர் அந்த வருஷம் செப்டம்பர்லயே மான்சாவுல பிராக்டிஸ்ல விபத்துல இறந்துட்டார் சார். அப்புறம் நடந்த ரேஸ்கள்ல போட்டியாளர் இக்ஸால அவரோட பாயிண்ட்டை தாண்ட முடியல, ரிண்ட்டோட டீமுக்கே கார் ஓட்டின ஃபிட்டிபால்டி அமெரிக்கால ஜெயிச்சதுல பட்டம் இறந்து போனவருக்கே உறுதியாச்சு. கோப்பையை வாங்கினது அவரோட மனைவி. இறந்த பிறகு ஃபார்முலா ஒன் பட்டம் கிடைச்ச ஒரே ஆள் அவர்தான். இதை ஒரு தடவை தேடி பாத்திருந்தா போதும். ஒவ்வொரு சாம்பியனுக்கும் ஒரே டெம்ப்ளேட் வாக்கியத்தை ஒட்டினா இப்படித்தான் ஆகும். இதை முதல் மெயில்லயே எழுதினேன், அந்த படம் இன்னைக்கு காலைல வரைக்கும் அப்படியே இருக்கு.

எனக்கு என்ன வேணும்னு உங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு, அதுல நூறு எழுத்துக்கு மேல போகல, அதனால இங்கயே சொல்லிடுறேன். ரிண்ட் படத்தையும் அந்த வரியையும் இன்னைக்கே எடுங்க, அதுக்கு கமிட்டி எல்லாம் வேண்டாம். மத்த கேள்விகள்ல எந்த அமைப்போட பட்டம், ஆண்களா பெண்களா, எந்த வருஷம்னு சேருங்க. குத்துச்சண்டைல ஒரே எடைப்பிரிவுல நாலு அமைப்பு நாலு பெல்ட் குடுக்குது, அங்கயும் இதே பிரச்சனை இருக்கு, அதை எழுத ஆரம்பிச்சா இந்த மெயில் முடியாது. எங்களோட 143 நாளையும் திருப்பி போடுங்க, அது என் பொண்ணு சண்டை போட்டு கேக்க சொன்னது. இதெல்லாம் பதினஞ்சு நாளுக்குள்ள நடக்கலன்னா மீதி ஏழு மாச சந்தாவை நான் கட்டின அதே கணக்குக்கு திருப்பி அனுப்புங்க, ஆப்ல காயினா வேண்டாம், ஏற்கனவே ஒரு தடவை 50 காயின் போட்டு சமாதானம் பண்ணீங்க, அதை வெச்சு ஒரு ஹிண்ட் வாங்கினேன், அந்த ஹிண்ட்டும் தப்பு.

தப்பா வந்த கேள்விகளோட ஸ்கிரீன்ஷாட் 23 இருக்கு, இதோட இணைச்சிருக்கேன். மறுபடியும் மேலான கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சுன்னா அதையும் 24-வதா சேர்த்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துல போட்டுடுவேன்.

இப்படிக்கு,
பணம் கட்டின வாடிக்கையாளர்
(ஆப்ல பதிஞ்ச நம்பர்ல இருந்துதான் அனுப்புறேன், மறுபடியும் ஐடி கேக்காதீங்க)