லைன்மேன் அண்ணன் போய்விட்டார்

அன்புள்ள ஷார்ட் சர்க்யூட்டுக்கு,

அவர் வைத்த பெயரிலேயே கூப்பிடுகிறேன். இனி அப்படிக் கூப்பிட நான் ஒருத்தன்தான் பாக்கி. லைன்மேன் அண்ணன் போய்விட்டார்டா. 18 நாள் ஆகிறது. ஏன் சொல்லவில்லை என்று கத்துவாய், கத்து. ரெண்டு தடவை போனை எடுத்து உன் பேர் வரைக்கும் வந்து வைத்துவிட்டேன். மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், மீசை இன்னும் பணம் தரவில்லை.

ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. 69 வயசு. அன்றைக்கெல்லாம் எனக்கு அழ நேரமே கிடைக்கவில்லை. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, காபி இட்லியெல்லாம் நம் வீட்டிலிருந்துதான் போனது. பந்தல்காரரைப் பிடித்து, ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, துபாயிலிருந்து பையன் வந்து சேரும்வரை பெட்டி ஓடுவதற்கு நம் வீட்டு பிளக்கிலிருந்து சுவர்மேல் வயர் இழுத்தேன். ஆயுசெல்லாம் ஊருக்குக் கரண்ட் கொடுத்த மனுஷன். அந்த வயரைப் பார்த்திருந்தால், "எர்த் இல்லாம என்னடா கனெக்‌ஷன் இது" என்று எழுந்து உட்கார்ந்து திட்டியிருப்பார்.

மறுநாள் கெடிலம் கரையில் எரித்துவிட்டு வந்தோம். லீவு கேட்டபோது ஆபீசில் "யாரு, சொந்தமா?" என்றார்கள். பக்கத்து வீடு என்றேன். "ஓ" என்றார்கள். அந்த "ஓ" இன்னும் காதில் நிற்கிறது. பங்காளிக்குத் தீட்டு உண்டு, சம்பந்திக்கு முறை உண்டு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன இருக்கிறது? கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்பி வாங்கி வரலாம். முந்தாநாள் கருமாதியில் யார் யாரோ வந்து முறை செய்தார்கள், 10 வருஷமாக எட்டிப் பார்க்காதவர்கள்கூட. நான் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றேன். சரி, அவர்களைச் சொல்லி என்ன, முறை அப்படி.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் ஆரம்பித்தது, நீ அப்போது ஊரில் இல்லை. 2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் அடித்ததே, அதற்கு அப்புறம் 12 நாள் நம் தெருவுக்குக் கரண்ட் இல்லை. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரியெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தது. ஊர் முழுக்கக் கம்பம் விழுந்து கிடக்கிறது என்று தெரிந்தும், லைன்மேன் இருக்கிற தெருவுக்கே இந்தக் கதியா என்று அவர் வீட்டு கேட்டில் நின்று கத்தினேன். அப்போதுதான் வேலை முடிந்து வந்தவர், பதிலே சொல்லாமல் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சொம்பை வாங்கக் கையை நீட்டும்போது பார்த்தேன், கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்து, விரலை மடக்க முடியவில்லை. சொம்பை இரண்டு மணிக்கட்டாலும் இடுக்கிக்கொண்டு குடித்தார். "முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் தண்ணி மோட்டார், அதுக்கப்புறந்தான் உன் டிவி" என்றார். அதற்கப்புறம் அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே போய்விட்டுத்தான் வந்தேன்.

ஒரே கம்பத்திலிருந்துதான் ரெண்டு வீட்டுக்கும் லைன், ஆனால் அவருக்கு ஒரு ஃபேஸ், எனக்கு ஒரு ஃபேஸ். ஒன்று போனால் இன்னொன்று இருக்கும். அதனால் கரண்ட் போனதும் சுவரோரம் போய், "அண்ணே, நமக்கு மட்டுந்தானா?" என்று கேட்பேன். அவர் வீட்டில் லைட் எரிந்தால் நம் வீட்டு சங்கரா மீன் அவர் ஃபிரிட்ஜுக்குப் போய்விடும், மறுநாள் பாதிதான் திரும்பி வரும். 2024 ஃபெஞ்சல் புயலில் சாத்தனூர் அணைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை ஊருக்குள் வந்தபோதும், ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆன மனுஷன் டார்ச்சோடு ஒவ்வொரு வீடாகப் போய் மெயினை அணைக்கச் சொன்னார். நான் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

நேற்று ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கரண்ட் போனது. தட்டில் கை வைத்திருந்தேன். அப்படியே எழுந்து போய்ச் சுவரோரம் நின்று, "அண்ணே, நமக்கு மட்டுந்தானா?" என்று கேட்டேவிட்டேன். கேட்டது என் காதில் விழுந்த பிறகுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் இருட்டிலிருந்து அண்ணி, "இங்கயும் இல்ல தம்பி" என்றார். ரெண்டு பேரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டே இருந்தோம். கை காய்ந்துவிட்டது. நான் அழுதது அப்போதுதான்.

பொங்கலுக்கு வருகிறாயா? வந்தால் நேராக அவர் வீட்டுக்குப் போ, அண்ணி தனியாக இருக்கிறார். போன தடவை வாங்கிக்கொண்டு போனாயே அவருடைய டெஸ்டர், அதை என்னிடம் கொடுக்காதே. அண்ணி கையில் கொடு.

உன்
பக்கத்து வீட்டுக்காரன்