கதவு உள்ள ஓர் அறை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நூறு பேருக்குக் குறையாமல் படிக்கும் கல்வி நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது பற்றி உங்கள் இதழில் படித்தேன். பதினோரு வருடமாகப் பள்ளிகளில் இந்த வேலையைத்தான் செய்கிறேன். ஆளைப் போட்டால் மட்டும் போதாது என்பது என் அனுபவம்.

முதலில் வேலை பார்த்த பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையில்தான் எனக்கு இடம். பேச்சின் நடுவே யாராவது பந்து எடுக்க வருவார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடும். அப்புறம் வராது. ஆசிரியர் யாராவது லீவு என்றால் அந்த வகுப்பும் என் தலையில்தான். காலையில் அதட்டி உட்கார வைத்தவரிடம் மதியம் எந்தப் பிள்ளை மனம் விட்டுப் பேசும்?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மூன்று வாரம் வந்து உட்கார்ந்தாள், ஒன்றும் பேசவில்லை. பஸ் பாஸை மடிப்பாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். பெல் அடித்ததும் "வரேன் மிஸ்" என்று கிளம்பிவிடுவாள். நான்காவது வாரம்தான் சொன்னாள்: "அப்பா குடிச்சிட்டு வந்தா லைட் போட விடமாட்டார் மிஸ். எங்க படிக்கிறது?" அம்மாவை வரவழைத்துப் பேசினோம். தேர்வு முடியும்வரை பாட்டி வீட்டில் தங்கினாள், தேறினாள். அடுத்த வருடம் ஒரு நாள் தோழியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் வெளியே போய் நின்றுகொண்டாள். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அதுதான்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். அதனால் பேச்சைத் தொடங்கும் முன்பே, "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் மறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவேன். அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்ட பிள்ளைகளும் உண்டு. அந்த முகங்கள் ராத்திரியில் தூங்க விடாது. 1098, 14417 என்று உதவி எண்கள் இருக்கின்றன, நல்லதுதான். ஆனால் கையில் போன் இல்லாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனுஷி வேண்டுமே!

பள்ளிக் கல்வித் துறை இதற்கு விதி எழுதும்போது, ஆலோசகரைப் பதில் வகுப்புக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். அறையும் தலைமை ஆசிரியர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். அந்தப் பக்கம் போனாலே, "என்ன தப்பு பண்ணினே?" என்றுதான் மற்ற பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.