குழாய் கலங்கினால் நோய் என்று எழுதிவிடாதீர்கள்

நீலகிரிப் பழங்குடி ஊர்களில் சிக்கிள் செல் பரிசோதனைக்குப் போகும் லேப் டெக்னீஷியன்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும்,

வணக்கம். நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் சிவப்பணு அரிவாளாக வளையும் இந்தப் பரம்பரைக் கோளாறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே எழுதிவிட்டார்கள். 2023-இல் தொடங்கிய தேசிய இயக்கம் 40 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கச் சொல்கிறது. ஊரில் கையில் இருப்பது பெரும்பாலும் சால்யுபிலிட்டி டெஸ்ட்தான்: இரத்தத்தை மருந்துக் கரைசலில் விட்டு, குழாய் கலங்குகிறதா என்று பார்ப்பது. அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதைப் பற்றியே இந்த மடல்.

ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், பீட்டா குளோபின் சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் போய் வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்திருக்கிறது. கோளாறு அவ்வளவுதான். ஆக்சிஜனை இறக்கியதும் அந்த வேலின் பக்கத்து மூலக்கூறின் பள்ளத்தில் சொருகிக்கொள்ள, ஒன்றோடொன்று கோத்து நாராக நீண்டு, சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10, 20 நாளில் உடைகிறது. உங்கள் குழாயில் டைதயோனைட் மருந்து செய்வதும் இதே வேலைதான்: ஆக்சிஜனைப் பறிக்கிறது, நார் உருவாகிறது, பின்னால் வைத்த கறுப்புக் கோடு மறைகிறது.

ஆனால் கேரியரின் (பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர், நோயாளி அல்ல) இரத்தமும் அப்படித்தான் கலங்கும். அட்டையில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதினால், நோயே இல்லாத பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனையின் முடிவு வரும்வரை 'மறு பரிசோதனை தேவை' என்று எழுதுங்கள், போதும்.

தெளிவாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையிடம் கரு ஹீமோகுளோபின் (கருவில் இருக்கும்போது உருவாகும் வகை) நிறைய இருக்கும். அது நாரில் சேராது, குழாயும் கலங்காது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமுக்குக் கீழே போனவருக்கு 20 மைக்ரோலிட்டர் இரத்தம் போதாது, 40 எடுங்கள். சமீபத்தில் இரத்தம் ஏற்றியவரின் முடிவையும் நம்பாதீர்கள். காற்றுப் பட்ட டைதயோனைட் செத்த மருந்து. கேரியர் என்று உறுதியான ஒருவரின் இரத்தத்தை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டிப் பார்க்காவிட்டால் அது செத்தது உங்களுக்குத் தெரியாது.

நோய் உறுதியானவர்களின் வீட்டில் சொல்லவேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. அணுவுக்குள் நீர் வற்றினால் ஹீமோகுளோபின் நெருங்கும். கொஞ்சம் நெருங்கினாலே நார் பல மடங்கு வேகமாக உருவாகும். தேயிலைத் தோட்டத்து வெயிலும் வாந்திபேதியும் வலியைக் கிளப்புவது இதனால்தான். பனிக்காலத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்தம் தேங்குவது இன்னொரு வழி. தண்ணீர், கம்பளி இரண்டையும் மாத்திரைக்கு இணையாகச் சொல்லுங்கள். ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து, நாரில் சேராத கரு ஹீமோகுளோபினைக் கூட்டும், ஆனால் பலன் தெரிய மாதக்கணக்காகும். 'வலி குறையலை' என்று இரண்டாவது வாரமே நிறுத்துபவர்கள் உண்டு. 500 மி.கி. கேப்சூல் 10 கிலோ குழந்தைக்குப் பொருந்தாது என்பதையும் பாருங்கள். கிலோவுக்கு 15 முதல் 20 மி.கி. என்பதுதான் கணக்கு.

கடைசியாக, இரத்தத்தில் கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல். சிறு வயதிலேயே அதன் இரத்தக் குழாய்கள் அடைபட்டு அது சுருங்கிவிடுகிறது. அதன்பின் நிமோகாக்கஸ் கிருமி சில மணி நேரத்தில் குழந்தையைக் கொன்றுவிடும். 5 வயது வரை தினம் இருவேளை பென்சிலின் விடுபடக் கூடாது. 38.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் அன்றே ஆஸ்பத்திரி, மறுநாள் காலை ஜீப்புக்குக் காத்திராமல்.