தடுப்புப் பலகை அப்படியே நிற்கிறது, உதவிக்கு நின்றவர்களைக் காணோம்

அனுப்புநர்:
ஒன்பது ஆண்டு கால வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, உறுப்பினர் அட்டை எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: செல்ஃப் செக்அவுட் பகுதியில் (வாடிக்கையாளரே மெஷினில் பில் போடும் இடம்) என் அம்மாவுக்கு நேர்ந்த அவமானம், கொரோனா காலத்தில் செய்த மாற்றங்களை இன்றும் பாதியில் விட்டு வைத்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என் அம்மாவை உங்கள் கடையின் வெளியேறும் கேட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் பையில் ஏழு பொருள்கள் இருந்தன. ஏழுக்கும் கார்டில் பணம் கட்டியிருந்தார். வாசலில் நின்ற பாதுகாவலர் அந்தப் பையை வாங்கி, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அங்கிருந்த சின்ன மேசையில் பரப்பினார். அம்மாவை அழைத்துப் போக வந்த நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து இதைப் பார்த்தேன். உள்ளே ஓடி வருவதற்குள் அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். அத்தனை பேரும் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு 71 வயது. இரண்டு காதுகளுக்கும் கருவி போட்டிருக்கிறார். கருவி இருந்தாலும் கூட்டமும் இரைச்சலும் உள்ள இடத்தில் பேசுபவரின் உதட்டைப் பார்த்தால்தான் அவருக்குப் பேச்சு புரியும். பாதுகாவலர் குனிந்து பையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டிருக்கிறார். அம்மா பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே அவர் சந்தேகமாக எடுத்துக்கொண்டார். அந்த இளைஞரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. இந்தக் கடிதம் அவரை அங்கே நிறுத்திய உங்களுக்கு.

செல்ஃப் செக்அவுட் மெஷினைப் பயன்படுத்த அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்ததே உங்கள் கடைதான். அதனால் சில ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தது. சில வாரங்களில் உங்கள் கடையில் பில் போடும் இடமே அடையாளம் தெரியாமல் மாறிப் போனது. ஆறு மெஷின்களில் ஒன்று விட்டு ஒன்றை அணைத்து வைத்தீர்கள். மீதி மூன்றுக்கும் நடுவே ஆள் உயர அக்ரிலிக் பலகைகளை நிறுத்தினீர்கள். இடைவெளி விட்டு நிற்பதற்காகத் தரையில் மஞ்சள் பாத அடையாளங்கள் ஒட்டினீர்கள். உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. ரொக்கம் போடும் துளையை டேப் போட்டு மூடினீர்கள். வீட்டிலிருந்து பை கொண்டு வரக் கூடாது என்றீர்கள். ரசீது வேண்டுமா என்று திரை கேட்கும்போது "வேண்டாம்" என்பதை அழுத்துங்கள், காகிதத்தைத் தொட வேண்டியிருக்காது என்று மெஷினுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தீர்கள். இந்தக் கடைசி விஷயத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று அந்த மூன்று மெஷின்களுக்கு இரண்டு ஊழியர்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் பில் போட்டு முடித்ததும் ஒருவர் வந்து திரையையும் ஸ்கேனர் கண்ணாடியையும் கார்டு வைக்கும் இடத்தையும் துடைப்பார். இந்த வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் மூன்று நாள் வரை உயிர்ப்போடு இருக்கலாம் என்று அந்த மார்ச்சில்தான் ஆய்வகச் சோதனைகளின் முடிவு வந்திருந்தது. எல்லோரும் திரையைத் தொடவே பயந்த காலம். அந்த இருவரும் நாள் முழுக்க அதைத்தான் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

அவர்களில் ஒரு பெண் அம்மாவைக் கவனித்தார். மாஸ்க் போட்டிருந்ததால் உதடு தெரியாது. அம்மாவுக்கு எதுவும் புரியவில்லை என்பதை முதல் நாளே அவர் கண்டுகொண்டார். அடுத்த வாரம் போனபோது அவர் கழுத்தில் நான்கைந்து அட்டைகள் ஒரு கயிற்றில் தொங்கின. பெரிய எழுத்தில் கையாலேயே எழுதியவை. "பார்கோடை இங்கே காட்டுங்கள்." "பையைத் தட்டில் வையுங்கள்." "கை ஈரம் காய்ந்த பிறகு திரையைத் தொடுங்கள்." இந்த மூன்றாவது அட்டை அனுபவத்தில் வந்தது. சானிட்டைசர் ஈரத்தோடு தொட்டால் திரை வேறு பொத்தானை எடுத்துக்கொண்டுவிடும். அம்மா இரண்டு முறை அதில் மாட்டியிருக்கிறார். அந்தப் பெண் எட்ட நின்று, தேவையான அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அம்மா செய்வார். சரியாக வந்தால் கட்டைவிரலை உயர்த்துவார். ஒரு மாதத்தில் அம்மாவுக்கு அட்டை தேவைப்படவில்லை. வெளியில் வந்ததும் பையைத் தூக்கிக் காட்டி, "நானே பில் போட்டேன்டா" என்று என்னிடம் சொல்வார். வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத அந்த நாட்களில் அது அவருக்கு எவ்வளவு பெரிய தைரியம் என்பது எனக்குத் தெரியும்.

அதனால், இது மெஷின் பிடிக்காத ஒரு வாடிக்கையாளரின் கடிதம் என்று எண்ணி ஓரமாக வைத்துவிட வேண்டாம். அம்மாவுக்கு அந்த மெஷின் பிடிக்கும்.

இப்போது இருக்கும் நிலையைச் சொல்கிறேன். ஆறு மெஷின்கள் பத்தாகிவிட்டன. இடம் வேண்டும் என்பதற்காக ஆள் உட்கார்ந்து பில் போடும் நான்கு கவுன்ட்டர்களில் மூன்றை எடுத்துவிட்டீர்கள். மிச்சமுள்ள ஒன்று நான் போகும் நேரங்களில் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. பத்து மெஷின்களுக்கு ஒரே ஊழியர். அவரும் பக்கத்தில் நிற்பதில்லை. கோடியில் ஒரு மேசைக்குப் பின்னால் டேப்லெட்டைப் பார்த்தபடி, எந்த மெஷின் நின்றதோ அதை அங்கிருந்தே விடுவிக்கிறார். இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்பதற்காக அன்று வந்த ஏற்பாடு அது. அன்று அதற்கு நியாயம் இருந்தது. இன்று பக்கத்தில் வரக் கூடாது என்று யார் சொன்னார்கள்?

துடைப்பது நின்றுவிட்டது. அதை நான் புகாராகச் சொல்லவில்லை. மேற்பரப்பைத் தொடுவதால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்றும் அறிவித்துவிட்டது. தேவை போனதும் வேலையை நிறுத்தியது சரிதான். அதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வைத்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. உங்களுக்குச் செலவு வைத்தவை மட்டும் போய்விட்டன. ஆள் போனார், அட்டை போனது, மெஷின்களுக்கு நடுவே விட்டிருந்த இடம் போனது. அக்ரிலிக் பலகை நிற்கிறது. டேப் போட்டு மூடிய ரொக்கத் துளை இன்றும் மூடியே இருக்கிறது. தொலைபேசியில் கேட்டபோது, "அது கோவிட் பாதுகாப்பு நடைமுறை சார்" என்று உங்கள் சேவை மையத்திலிருந்து பதில் வந்தது. எந்த ஆண்டில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறீர்கள்?

அந்த அக்ரிலிக் பலகையை நீங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துக்கொண்டே இருந்தால் அக்ரிலிக்கில் முடி போன்ற வெடிப்புகள் விழும். உங்கள் பலகைகளில் மூலைகளிலும் திருகு போட்ட இடங்களைச் சுற்றியும் வெடிப்பு சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. மார்பு உயரத்தில், அத்தனை பேர் கை படும் இடத்தில், பால் ஊற்றினாற்போல் வெளுத்துப் போயிருக்கிறது. நாலாவது மெஷினில் நின்று கோடியில் இருக்கும் ஊழியரைப் பார்த்தால் மூன்று பலகைகளைத் தாண்டிப் பார்க்க வேண்டும். ஒரு நீலச் சட்டை அசைவது தெரியும். முகம் தெரியாது. உதட்டைப் படித்து வாழ்பவருக்கு அங்கே ஆள் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

அன்று நடந்தது இதுதான். அம்மா ஐந்தாவது பொருளாக ஒரு பேட்டரி பாக்கெட்டை ஸ்கேன் செய்தார். காது கருவிக்குப் போடும் சின்னப் பொத்தான் பேட்டரி. பை வைக்கும் தட்டு எடை பார்க்கும் தட்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்கேன் ஆன பொருளின் எடை தட்டில் ஏறாவிட்டால் மெஷின் நின்றுவிடும். இவ்வளவு லேசான பொருளைத் தட்டு உணராமல் போவது சகஜம். கொரோனா நாட்களில் இந்த எடைக் கண்காணிப்பை நீங்கள் தளர்த்தி வைத்திருந்தீர்கள். ஊழியர் அடிக்கடி அருகில் வரக் கூடாது என்பதற்காக என்று அப்போது உங்கள் மேலாளரே எங்களிடம் சொன்னார். அன்று எங்களை நம்பினீர்கள், நாங்களும் ஒழுங்காகத்தான் பில் போட்டோம். இன்று முன்பைவிட இறுக்கிவிட்டீர்கள். தலைக்கு மேலே கேமராவும் வந்துவிட்டது, நம் முகத்தையே நமக்குக் காட்டும் திரையும் வந்துவிட்டது.

மெஷின் நின்றது. பொருளைத் தட்டில் வைக்கச் சொல்லிக் குரல் பேசியது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. திரையில் "உதவியாளர் வருகிறார்" என்று மட்டும் இருந்தது. கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. நின்று பயன்படுத்துபவரின் கண்ணுக்கு அது படாது. அம்மா காத்திருந்தார். யாரும் வரவில்லை. டேப்லெட்டிலிருந்தே யாரோ விடுவித்திருக்கிறார்கள். அதையும் அவர் உடனே கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர் தோளைத் தட்டிச் சொன்ன பிறகுதான் மீதி இரண்டையும் ஸ்கேன் செய்து, கார்டைக் காட்டிப் பணம் கட்டினார். ரசீது வேண்டுமா என்று திரை கேட்டது. நீங்கள் கற்றுக் கொடுத்தபடி "வேண்டாம்" என்று அழுத்தினார்.

இரண்டு மாதங்களுக்கு முன் வெளியேறும் இடத்தில் புதிதாகக் கேட் போட்டிருக்கிறீர்கள். ரசீதில் உள்ள பார்கோடைக் காட்டினால்தான் அது திறக்கும். ரசீது வேண்டாம் என்று அழுத்தியவர் எப்படி வெளியே போவார்? அந்தப் பொத்தானைத் திரையில் விட்டு வைத்திருக்கிறீர்கள். ரசீது இல்லாமல் கேட் திறக்காது என்று அதன் பக்கத்தில் ஒரு வரி கூட இல்லை. காகிதம் தொடாதீர்கள் என்ற பழைய ஸ்டிக்கரின் ஒட்டுப் பசை கூட மெஷின் மேல் இன்னும் மிச்சமிருக்கிறது. பத்து மெஷின்களையும் பார்த்தேன், ஏழில் இருக்கிறது.

கேட் திறக்கவில்லை, பாதுகாவலர் வந்தார், பை மேசைக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்ததை மேலே எழுதிவிட்டேன். நான் உள்ளே போய், அம்மாவின் போனுக்கு வங்கியிலிருந்து வந்திருந்த குறுஞ்செய்தியைக் காட்டிய பிறகு கேட்டைத் திறந்து விட்டார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பரப்பிய பொருள்களை அம்மாவே எடுத்துப் பையில் வைத்தார். பேட்டரி பாக்கெட் மேசையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அதையும் அவரே குனிந்து எடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு, "இனிமே நீயே வாங்கிட்டு வந்துடு" என்றார். அவர் யாரையும் எதிர்பார்க்காமல் செய்துவந்த சில காரியங்களில் கடைக்குப் போவதும் ஒன்று. அது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருட்டைத் தடுக்க வேண்டும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. செல்ஃப் செக்அவுட் உள்ள கடைகளில் பொருள் இழப்பு கூடுதல் என்பது வியாபாரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பேசுவதுதான். ஆனால் அதற்கு முதல் காவல் பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதர். அந்தப் பெண் அட்டைகளோடு நின்ற காலத்தில் யாரும் எதையும் மறைத்துக்கொண்டு போகத் துணிந்திருக்க மாட்டார்கள், தெரியாமல் தவறு செய்தவரும் வாசல் வரை போய் அவமானப்பட்டிருக்க மாட்டார். தவறு நடந்த இடத்திலேயே சரி செய்யப்பட்டுவிடும். அந்த ஆளை எடுத்துவிட்டு, அவர் சம்பளத்துக்குப் பதிலாகக் கேமராவும் கேட்டும் வாங்கியிருக்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தடுப்புப் பலகைகளை இந்த மாதமே கழற்றுங்கள். அவற்றால் இனி யாருக்கும் பயனில்லை. வேண்டும் என்று நினைத்தால் புதிய, தெளிவான பலகைகளைப் போடுங்கள். கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் ஆள் உட்காரும் ஒரு கவுன்ட்டராவது திறந்திருக்கட்டும், அங்கே ரொக்கமும் வாங்கட்டும். மெஷின்களுக்கு நிற்கும் ஊழியர் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வரட்டும். குரலில் சொல்வது எல்லாம் திரையிலும் பெரிய எழுத்தில் வரட்டும், மெஷின் ஏன் நின்றது என்பது உட்பட. ரசீது வேண்டாம் என்று அழுத்தினால் கேட்டைத் திறக்க வேறு வழி இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொத்தானையே எடுத்துவிடுங்கள். பாதுகாவலர்களுக்கு, காது கேட்காதவரிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். முகத்துக்கு நேராக நின்று, நிதானமாக, உதடு தெரியப் பேசினால் போதும்.

கையால் எழுதிய அட்டைகளோடு நின்ற அந்தப் பெண் இன்னும் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறார் என்றால், புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவரை அழையுங்கள். மூன்று ஆண்டுகளாக அவரைக் கடையில் காணவில்லை. அம்மா இன்றும் கேட்கிறார்.

அன்று மாலை 5.30 முதல் 5.45 வரை கேட்டுக்கு மேலுள்ள கேமராவில் பதிவானதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டுகிறேன். பணம் கட்டியதற்கான வங்கிக் குறுஞ்செய்தியின் நகலையும், பலகைகளையும் ஸ்டிக்கர்களையும் எடுத்த ஒன்பது புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன். முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பில் முறையிடுவேன்.

மன்னிப்புக் கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். அம்மாவின் பெயருக்கு, இணைத்துள்ள முகவரிக்கு, தபாலில் அனுப்புங்கள். போன் செய்ய வேண்டாம். அவருக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

இணைப்பு: முகவரித் தாள், வங்கிக் குறுஞ்செய்தியின் நகல், புகைப்படங்கள் 9