மூடிய புராஜெக்ட்டுகளின் நோட்டுகளைத் திறந்துவிடுங்கள்

மருந்து நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு வருடமாக மருந்து வேதியியலில் இருக்கிறேன். நான் செய்த சேர்மங்கள் ஆயிரத்தைத் தாண்டும். ஒன்றுகூட மருந்துக்கடை வரை போகவில்லை. இதைக் கேட்டால் வெளியாட்கள் பரிதாபப்படுவார்கள்; உங்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் இது சாதாரணம். மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டுகிற மருந்துகளிலேயே பத்தில் ஒன்பது விழுந்துவிடுகின்றன. அதற்கு முன்பே விழுபவற்றுக்குக் கணக்கே கிடையாது. தோற்றதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தோற்றதைப் பூட்டி வைப்பதில்தான் குறை.

ஒரு புராஜெக்ட் நான்கு வருடம் ஓடியது. செல்லில் வேலை செய்தது, எலியில் வேலை செய்தது. நாய்களுக்குக் கொடுத்த மூன்றாவது வாரத்தில் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறின; கல்லீரல் கெடுகிறது என்பதன் அடையாளம் அது. மூலக்கூறில் இருந்த தயோஃபீன் என்ற, கந்தகம் கொண்ட வளையத்தைக் கல்லீரல் உடைத்து, கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளாக மாற்றியிருந்தது. அரை மணி நேரக் கூட்டத்தில் புராஜெக்ட்டை மூடினார்கள். அன்று மாலை லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மிச்சமிருந்த வெற்றிடத்தில் குறுக்குக்கோடு போட்டு, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து மேசைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நோட்டு ஆவணக் கிடங்குக்குப் போனது.

தயோஃபீன் ஆபத்து என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் மனநோய்க்குக் கொடுக்கும் ஓலன்ஸபினிலும் அந்த வளையம் உண்டு. எத்தனையோ பேர் வருடக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த டியெனிலிக் அமிலத்திலும் இருந்தது. அது கல்லீரலைக் கெடுத்ததால் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. எது கெடுக்கும், எது கெடுக்காது என்பது பக்கத்தில் என்ன தொங்குகிறது, எவ்வளவு டோஸ், எந்த நொதியின் கையில் சிக்குகிறது என்பதையெல்லாம் பொறுத்தது. அந்த விவரம் எங்கள் நோட்டில் சேர்மம் சேர்மமாக, நாற்பதுக்கும் மேல் இருந்தது.

அடுத்த வருடம் ஒரு மாநாட்டில், வேறொரு குழுவின் போஸ்டரில் ஏறக்குறைய அதே மூலக்கூறைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற இளம்பெண் உற்சாகமாக விளக்கிவிட்டு, "எப்படி இருக்கிறது சார்?" என்றாள். ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். "எலி முடிவுகள் நன்றாக இருக்கின்றன" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரகசியத்தின் விலை உங்களுக்குப் புதிதல்ல. ஜப்பானின் சாங்கியோ மருந்து நிறுவனத்தில் இருந்த அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சைகளைச் சலித்து, 1973-இல் காம்பாக்டினைக் கண்டார். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்துகளில் அதுதான் முதல். எலியில் கொலஸ்ட்ரால் குறையவில்லை. விடாமல் கோழியில் பார்த்தார்கள், குறைந்தது. 1980-இல், நாய்களில் புற்றுநோய் போல ஏதோ தெரிகிறது என்று சாங்கியோ நிறுவனம் அதை நிறுத்தியது. தரவு வெளியே வரவில்லை, வதந்திதான் வந்தது. அதைக் கேட்டு அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும், லோவாஸ்டாடின் என்ற தன் ஸ்டாடினின் பரிசோதனையை நிறுத்தி, சில வருடம் கழித்தே மறுபடி தொடங்கியது. லோவாஸ்டாடினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1987-இல். நாய்களில் என்ன கண்டார்கள் என்பது தெரிந்திருந்தால் அந்த இடைவெளி சுருங்கியிருக்கும் என்பது என் எண்ணம்.

மனிதர்களிடம் நடத்தும் பரிசோதனையை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கட்டுரையை ஏற்பதில்லை என்று பெரிய மருத்துவ இதழ்கள் 2005-இலேயே கறாராகிவிட்டன. அதற்கு முந்தைய கட்டம், அதாவது நாங்கள் ஆயுளைக் கழிக்கிற கட்டம், இன்னும் இருட்டறைதான்.

எங்கள் பிழைப்பும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. புராஜெக்ட் மூடி ஆட்குறைப்பு வந்தால், ஆறு வருடம் வேலை செய்த பையன் நேர்காணலில் போய் உட்காருகிறான். "என்ன செய்தீர்கள்?" "சொல்ல அனுமதியில்லை." கட்டுரை இல்லை, காப்புரிமையில் பெயர் இல்லை. மூலக்கூறை எங்கே மாற்றிப் பார்த்தான், ஏன் மாற்றினான் என்று காட்ட முடிந்தால் அவன் திறமை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

போட்டியாளருக்கு இலவசமாகக் கொடுப்பதா என்ற உங்கள் கவலை நியாயம்தான். உடனே வேண்டாம். புராஜெக்ட் மூடி ஐந்து வருடம் போகட்டும். காப்புரிமை வேண்டியதற்கு விண்ணப்பம் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் சேர்மத்தின் வடிவம், எந்த விலங்கில் எந்த டோஸில் எது கெட்டது என்ற விவரம், செய்தவர்களின் பெயர், இவ்வளவையும் வெளியிட அனுமதி கொடுங்கள். எழுதும் வேலை உங்களுக்கு வேண்டாம், நாங்களே எழுதுகிறோம்.

என் நோட்டு உங்களில் ஒருவருடைய கிடங்கில்தான் இருக்கிறது. பச்சை அட்டை, முதுகில் அசிட்டோன் பட்டு எண் பாதி அழிந்திருக்கும். எடுத்துக் கொடுங்கள், ஒரு மாதத்தில் கட்டுரையை முடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்து வேதியியலாளர்