மாஸ்ரரின் படத்தைத் தேங்காயெண்ணெயால் துடைக்காதீர்கள்

பழைய மாணவர் சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தேன். மண்டபத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறீர்கள், வடிவாகத்தான் இருக்கிறது. எங்கள் சித்திர மாஸ்ரரின் எண்ணெய் வர்ணப் படம் மட்டும் தலைகீழாகத் தொங்குகிறது.

உருவம் எதுவும் காட்டாத அரூப ஓவியந்தானே, எப்படி மாட்டினால் என்ன என்று அங்கே நின்ற ஒருவர் கேட்டார். கிட்டப் போய்ப் பாருங்கள். செம்பாட்டு மண் நிறத்தின் மேல் ரேப்பன்ரைன் விட்டு இளக்கிய கருநீலம் ஐந்தாறு கோடாக வழிந்திருக்கும். இப்போது அந்தக் கோடுகள் கீழேயிருந்து மேலே ஏறுகின்றன! ஒன்பதாம் வகுப்பில் அவர் இதைத் தீட்டியபோது பக்கத்தில் நின்றவன் நான். "சேர், இது என்ன?" என்று கேட்டால், "கிணத்தடி எண்டு நினைச்சால் கிணத்தடி" என்பார். அவ்வளவுதான். ஆனால் ஓரத்திலுள்ள அந்தச் சின்ன வெள்ளைத் திட்டைக் கத்தியால் வழித்து, திரும்பப் பூசி, பிறகும் வழித்து, மூன்று நாள் மினக்கெட்டார்.

சரி, திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் போதும். எனக்குப் பயம் மற்றதுதான். பரிசளிப்பு விழாவுக்கு முன் படத்தைத் தேங்காயெண்ணெய் போட்டு மினுக்கி, வெடித்த இடங்களை விளம்பரப் பலகை எழுதுபவரைக் கொண்டு எனாமலால் நிரப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். ஓவியத்துக்குப் பாவிக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிவிடும், தேங்காயெண்ணெய் இறுகாது. பிசுபிசுவென்று கிடந்து சோளகக் காற்றுக் கொண்டுவரும் தூசியை எல்லாம் பிடித்து வைத்திருக்கும். எனாமல் பூசினால், பிறகு அதை எடுக்கும்போது அவருடைய வர்ணமும் சேர்ந்து வந்துவிடலாம். ஈரத்துணியும் கூடாது.

1938இல் எஸ். ஆர். கனகசபை வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே யாழ்ப்பாணத்தில் ஓவியத்தை வளர்த்தவர்களில் பலர் சித்திரம் படிப்பித்தவர்கள். அவர்களின் படங்கள்தான் பல மிஞ்சவில்லை. ஓவியர் அ. மாற்கு மாஸ்ரரின் படங்களில் எத்தனையோ போரால் வந்த 1995 இடப்பெயர்வோடு போய்விட்டன. எங்களுடையது ஷெல்லுக்கும் தப்பி, கூரை ஒழுக்குக்கும் தப்பி நிற்கிறது. விழாவுக்காக அதைக் கெடுத்தோம் என்று இருக்கக் கூடாது.

இப்போதைக்கு ஒரு நல்ல படம் பிடித்து வையுங்கள். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் மாரியில் சுவரின் ஈரம் கன்வஸில் ஏறாது. வெடிப்பைச் சரிபார்க்க யாரைப் பிடிக்கலாம் என்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் கேட்கலாம். செலவில் என் பங்கைத் தருகிறேன்.

சனிக்கிழமை காலை ஏணியோடு வந்து நிற்பேன். மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அவரிடம் சித்திரம் படித்த ஒரு பழைய மாணவன்